மாட்டின் பல்லைக் கொடுப்பவர் பார்க்கட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. 'டீச்சர் மறுபடியும் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க' என்று நகர்ந்துவிடாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

போன மாதம் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேரனுடைய கியர் சைக்கிள் கிடந்தது. அவன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியது. முன்னால் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், மலையேறுகிற தோற்றம். ஒரு வருடம் ஆசையாக ஓட்டினான். பிறகு டியூஷன், பிறகு ஸ்கூட்டர், இப்போது கல்லூரி விடுதி. சைக்கிள் மட்டும் மூன்று மழைக்காலத்தை மாடியிலேயே கழித்திருக்கிறது.

"யாருக்காவது குடுத்துடும்மா. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு" என்றாள் மகள்.

எனக்கு உடனே ஒரு சிறுமி நினைவுக்கு வந்தாள். என்னிடம் படித்த ஒருத்தியின் மகள். ஏழாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிறது, காலையில் அந்த நேரத்துக்குப் பஸ்தான் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் அரசாங்கம் விலையில்லா மிதிவண்டி கொடுக்கும். அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் 'அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?' என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் கண்ணால் பார்த்தது இது.

"நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 2008-ல் நடந்த ஒன்று குறுக்கே வந்து நின்றது.

அப்போது நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் இருந்தேன். வெளியூரில் வசதியாக இருந்த ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். இதே மாதிரி தடித்த டயர் வண்டிதான். துடைத்து, மாலை போட்டு, ஆண்டு விழா மேடையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். எல்லாரும் கைதட்டினோம். அவனை ஒரு முறை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. வகுப்பிலேயே குட்டையான பையன் அவன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கண்மாய்க்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. காலை ஊன்றி நிறுத்தப் பார்த்திருக்கிறான். கால் எட்டவில்லை. இடது கை முறிந்தது. நடுக்கம்பியில் பட்ட அடியைப் பற்றி வெட்கப்பட்டு அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில்தான் தெரிய வந்தது. அவன் அம்மாவுக்கு எத்தனை நாள் கூலி போனது என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "டீச்சர், வண்டி நல்ல வண்டிதான். இவனுக்குத்தான் கால் எட்டல. எட்டுற புள்ளையாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டு இல்லாத அந்த வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. தப்பு எங்களுடையது, மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பேசியது அவர்.

ஏன் அப்படிப் பேசினார் என்று யோசித்திருக்கிறேன். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நாமெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறோம். நானே கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பொருள் விளக்கியிருக்கிறேன். வாங்குகிறவர் பல்லைப் பார்க்கக்கூடாது என்றால் அந்த மாட்டை வேறு யார் சோதிப்பது? கொடுக்கிறவர்தான் சோதிக்க வேண்டும். வாங்குகிறவருக்குக் கேட்கிற உரிமை இல்லாததாலேயே கொடுக்கிறவரின் பொறுப்பு இரண்டு மடங்காகிறது. இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது. மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

அதனால் இந்த முறை சைக்கிளைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு, தையல் டேப்போடு அளவு எடுக்க ஆரம்பித்தேன்.

சைக்கிள் அளவு என்றால் நம்மில் பலர் சக்கரத்தின் அளவைத்தான் சொல்வோம். '26 இஞ்ச் வண்டி' என்போம். ஆனால் ஒரே 26 இஞ்ச் சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் வரும், பெரிய ஃபிரேமும் வரும். ஓட்டுகிறவருக்கு முக்கியமானது நடுக்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. சீட்டுக்குச் சற்று முன்னால், கால்களை இருபுறமும் போட்டு நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். பேரன் வண்டியில் அது 71 சென்டிமீட்டர். வண்டியின் எடையையும் பார்த்தேன். மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினார், பிறகு வெறுமனே ஏறினார். கழித்தால் பதினாறரை கிலோ.

ஊருக்கு வந்ததும் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். சைக்கிளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு இல்லை என்பதுபோல் ஒரு பாவம் இல்லை. "உயரம் எவ்வளவு வளர்ந்திருக்கா பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். செருப்பில்லாமல் சுவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சில் கோடு. அங்கிருந்து தரைவரை அளந்தால் கால் உயரம் கிடைக்கும். இதை அவள் அம்மாவைக் கொண்டு உள் அறையில் செய்யச் சொன்னேன். பெண் பிள்ளைக்கு அப்படித்தான் அளக்க வேண்டும்.

64 சென்டிமீட்டர் வந்தது.

நடுக்கம்பி 71, கால் 64. இந்த மாதிரி வண்டிக்கு நடுக்கம்பி கால் உயரத்தைவிடக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். அவளுக்கு 59-க்கு மேல் போகக்கூடாது. பேரன் வண்டியில் அவள் கால் ஊன்றி நிற்கவே முடியாது. போதாததற்கு வண்டியின் எடை அவள் எடையில் பாதி. 2008-ல் நாங்கள் எடுக்காத இந்த அளவுக்கு ஆன நேரம் பத்து நிமிடம்.

இதை என் தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். "நாமெல்லாம் அளவு பார்த்தா ஓட்டுனோம்? குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கலையா? வளர்ற புள்ளைதானே, சரியாயிடும்" என்றான். உங்களில் பலரும் இதையே சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் பதில் சொல்லிவிடுகிறேன்.

குரங்குப் பெடல் போட்டது பழைய கறுப்பு சைக்கிளில். அதன் நடுக்கம்பி நேராக, உயரமாக இருக்கும். கீழே காலை விட்டு மிதிக்கப் பெரிய முக்கோண இடம் இருக்கும். இந்தப் புது வண்டிகளில் கம்பி சரிந்து வருகிறது, முக்கோணம் சின்னது, கால் நுழையாது. அது மட்டுமில்லை. நாம் குரங்குப் பெடல் போட்டது தெருவில், விளையாட்டுக்கு. இவள் புத்தக மூட்டையோடு டிப்பர் லாரி போகிற ரோட்டில் தினமும் எட்டுக் கிலோமீட்டர் போய்வர வேண்டும். 'வளர்ந்தால் சரியாயிடும்' என்று பாவாடை சட்டையைப் பெரிதாக எடுக்கலாம். பெரிய சட்டை போட்டு யாருக்கும் கை முறிந்ததில்லை.

கால் ஊன்றுவதன் அருமை எனக்குச் சொந்த அனுபவம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். எனக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல், இரண்டு பிள்ளைகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த வண்டியில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழகினேன். பழக்கிவிட்ட பெண் முதலில் பெடலைச் சொல்லித்தரவில்லை. "எறங்கக் கத்துக்கங்க டீச்சர், அப்புறம் ஏறலாம்" என்றாள். நினைத்தபோது கால் தரையில் படும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் என் பயம் போனது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்களை அந்தச் சைக்கிள் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவந்தது. ஒரு தடவை விழுந்து அடிபட்டால், அதே சைக்கிள் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று சொல்லி மறுபடி உள்ளே தள்ளவும் காரணமாகிவிடும். நான் அளவில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

சரி, பேரன் வண்டி என்ன ஆனது? பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஆறு கிலோமீட்டர் நடந்து வருகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொன்னார். உயரம் 164, கால் உயரம் 77. நடுக்கம்பிக்கு மேல் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. பொருத்தம். அதற்குப் பிறகுதான் வண்டியை லோடு ஆட்டோவில் வரவழைத்து, நம் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரும் என் மாணவர்தான். இப்போது அவருக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் பார்க்கலாம்.

முதலில் ஃபிரேம். ஹேண்டில்பாருக்குக் கீழே கம்பிகள் சேருகிற இடத்தையும், வெல்டு வைத்த எல்லா இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைபோல் விரிசல் தெரிந்தாலோ, அந்த இடத்தில் பெயிண்ட் சுருங்கி மடிந்திருந்தாலோ வண்டி எங்கோ மோதியிருக்கிறது. அந்த வண்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கொடுங்கள். மேலாக இருக்கும் துரு பரவாயில்லை.

இரண்டாவது ஆட்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று தட்டக்கூடாது. பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினாலும் அப்படித்தான். தட்டினால் பால்ரஸ் தேய்ந்திருக்கும் அல்லது இறுக்க வேண்டியிருக்கும். முன்பக்க ஷாக் அப்சார்பரை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். சில வண்டிகளில் பின்னாலும் ஸ்பிரிங் இருக்கும். விலை குறைந்த வண்டியில் அது எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தையும் கொஞ்சம் தின்னும். தினமும் பள்ளிக்கு ஓட்டுகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

மூன்றாவது பிரேக். லீவரை முழு பலத்தோடு பிடித்தாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. பிரேக் ரப்பரில் உள்ள வரிப் பள்ளங்கள் மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிது போட வேண்டும். பேரன் வண்டியில் பின் பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பார்க்காமல் கொடுத்திருந்தால் இன்னொரு கண்மாய்க்கரைதான்.

நான்காவது சக்கரம். தூக்கிப்பிடித்துச் சுற்றிவிட்டால் ரிம் பிரேக் ரப்பரை ஒரு பக்கமாக உரசக்கூடாது. உரசினால் கோட்டம் எடுக்க வேண்டும். டயரின் ஓரத்தில் வெடிப்பு இருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் டயர் போய்விட்டது. வெயிலில் கிடந்த வண்டிக்கு அப்படித்தான் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. தடித்த டயரில் '26 × 1.95' என்று இருக்கும். லேடீஸ் சைக்கிள் டயரில் '26 × 1 ⅜' என்று இருக்கும். இரண்டும் 26 தானே என்று வாங்கிவிடாதீர்கள். ஒன்று உட்காரும் ரிம் 559 மில்லிமீட்டர், மற்றது 590. ஒன்றுக்கொன்று சேராது. ஊர்க் கடையில் எந்த டயர் கிடைக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டயர் கிடைக்காத ஊருக்குக் கொடுத்த சைக்கிள் ஒரே பஞ்சரில் மறுபடி மாடிக்குப் போய்விடும்.

ஐந்தாவது செயின். இதற்கு நம் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னின் நடுவைச் சுழியத்தில் வைத்தால், அதையும் சேர்த்து எண்ணி வரும் இருபத்தைந்தாவது பின்னின் நடு சரியாக 12 இஞ்சில் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சக்கரத்தின் பல்லையும் அது தின்றிருக்கும். மாட்டுக்கு மட்டுமா, சைக்கிளுக்கும் பல் பார்க்க வேண்டியிருக்கிறது! நம் வண்டியில் இரண்டு மில்லிமீட்டர். செயின் போனது, பல் தப்பியது.

கியரைப் பற்றிக் கேட்பீர்கள். முன்பக்க கியர் உடைந்திருந்தது. "நடுப் பல்லுல வச்சுடறேன் டீச்சர், நம்ம ஊர்ல என்ன மலையா இருக்கு?" என்றார் கடைக்காரர். எனக்கும் சரியென்று பட்டது. பின்பக்க கியர் மட்டும் வேலை செய்கிறது. சமதரையில் அதுவே தாராளம்.

அடுத்து, வண்டியோடு வராத சாமான்கள். இந்த வண்டிகளை விளையாட்டுக்கு ஓட்டுவதுபோல் மொட்டையாக விற்பார்கள். பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகப் பை வைக்கக் கேரியர் வேண்டும், சேறு தெறிக்காமல் மட்கார்டு வேண்டும், ஸ்டாண்டு வேண்டும், பெல் வேண்டும், பூட்டு வேண்டும். பெண் பிள்ளை என்றால் துப்பட்டா மாட்டாமல் செயினுக்கு மூடியும் வேண்டும். செலவுக் கணக்கைச் சொல்கிறேன். டயர் இரண்டும் 800, டியூப் 300, செயின் 250, பிரேக் ரப்பர், கேபிள் 220, மட்கார்டு 180, கேரியர் 280, ஸ்டாண்டு 150, பெல்லும் பூட்டும் 160, கூலி 300. ஆக மொத்தம் 2,640 ரூபாய். இலவசமாகக் கொடுக்கிற வண்டிக்கு இவ்வளவா என்று மகள் கேட்டாள். நாம் செலவழிக்காவிட்டால் அந்தப் பையனின் அப்பா செலவழிக்க வேண்டும். அவருக்கு அது பல நாள் கூலி. அதையும் சேர்த்துக் கொடுப்பதுதான் கொடுப்பது. மகளே பாதியைக் கட்டினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

கடைசியாகப் பையனைக் கடைக்கு வரவழைத்து சீட்டு உயரம் வைத்தோம். உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். கணக்காகச் சொன்னால் கால் உயரத்தை 0.88-ஆல் பெருக்க வேண்டும். அவனுக்கு 68 சென்டிமீட்டர் வந்தது, பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை. பழகும்வரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாகவே இருக்கட்டும் என்று வைத்தோம். சீட்டுக் கம்பியில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. அதை அவனுக்கும் காட்டிக்கொடுத்தோம். பிறகு பிரேக் பிடித்துக் காட்டச் சொன்னேன், இறங்கிக் காட்டச் சொன்னேன். மேடை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

2008-ல் கை முறிந்த பையன் இப்போது மெக்கானிக்காக நன்றாக இருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்றைக்கு உன் கால் குட்டை இல்லை. நாங்கள் அளக்கவில்லை. உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

இப்போது நான் கேட்க வேண்டியது. அந்த ஏழாம் வகுப்புச் சிறுமி இன்னும் நடந்துதான் போகிறாள். உங்கள் வீட்டு மாடியிலோ, கார் நிறுத்துமிடத்திலோ, படிக்கட்டுக்குக் கீழேயோ 24 இஞ்ச் சக்கரம் வைத்த சைக்கிள் ஏதாவது கிடக்கிறதா? டேப்பை எடுத்து நடுக்கம்பி உயரத்தை அளந்து பாருங்கள். 59 சென்டிமீட்டருக்குள் இருந்தால், மேலே சொன்ன ஐந்தையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ரிப்பேர் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வோம்.

அளக்காமல் 'இருக்கு டீச்சர்' என்று மட்டும் எழுதாதீர்கள். திருப்பி அனுப்பி அளந்து வரச் சொல்வேன். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே!

அன்புடன்,
உங்கள் டீச்சர்